இடது தோள் ஏன் வலித்தது

மண்ணீரல் என்று ஓர் உறுப்பு எனக்குள் இருந்தது என்பதே அதை வெட்டி எடுத்த பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் பாடமாக வந்திருக்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில் நான் எங்கே படித்தேன்? ஆறாம் வகுப்பிலிருந்து மைதானத்திலேயே கிடந்தேன். வரதராஜன்பேட்டையில் எங்கள் தெருப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைப் பாட்டுக்கு ஒத்திகை பார்க்கப் போனபோது நான் வலைக்கு முன்னால் குதித்துக்கொண்டிருந்தேன். இருபத்தேழு வயதில், நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை தையல் போட்ட வயிற்றோடு படுத்துக்கிடந்தபோதுதான் உடம்புக்குள் எது எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை எழுதிவைக்கிறேன். பந்தாடுகிற பெண்கள் யாராவது படித்தால், விலாவில் அடி வாங்கிவிட்டுத் தோள்பட்டையில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார மாட்டார்கள்.

நான் வாலிபால் அட்டாக்கர். அதாவது, மற்றவர்கள் தூக்கிக் கொடுக்கும் பந்தை வலைக்கு மேலே எழும்பி எதிர்ப்பக்கம் அடித்து இறக்குகிறவள். ஒரு பெரிய அலுவலகத்தின் பெண்கள் அணிக்கு எட்டு வருடம் ஒப்பந்தத்தில் ஆடினேன். கடைசி இரண்டு வருடம் கேப்டன். ஜெயித்தால் ஒப்பந்தத்தை நீட்டுவார்கள், தோற்றால் யோசிப்பார்கள். இந்த இழுபறி முடிந்து நிரந்தர வேலைக்கான ஆர்டர் எனக்கு வர வேண்டிய மாதத்தில்தான் அடிபட்டது. எங்கள் கோச் சாரின் சிபாரிசுக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

டி.வி.யில் பார்க்கிறவர்களுக்கு வாலிபால் சாதுவான ஆட்டம். நடுவில் வலை இருக்கிறது, ஒருத்தரை ஒருத்தர் தொடுவதில்லை. தொடாமலே என்னென்ன உடைக்கலாம் என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியும். தடுக்க நீட்டிய விரல் பந்து பட்டுப் பின்பக்கமாக மடங்கும். கீழே பாய்ந்து எடுக்கிறவளின் தாடை தரையில் மோதும். எதிரணிப் பெண்ணின் முகத்தில் பந்து பட்டு அவள் உட்கார்ந்துவிட்டால் மன்னிப்புக்காக ஒரு கையைத் தூக்குவோம். கை மேலே போகும்போதே உள்ளே ஒரு குஷி ஓடும். இதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்கு அடிக்கப் பிடிக்கும்.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முக்கியமான ஆட்டத்துக்கு முதல் நாள் கோச் சார் எங்களை வரிசையாக உட்காரவைத்து, சுளுக்கிய கணுக்கால், வீங்கிய முட்டி, பிசகிய விரல் என்று ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். "வலிக்குதா?" "இல்ல சார்." இன்னும் அழுத்துவார். "இப்ப?" "இல்ல சார்." வலிக்கிறது என்று சொன்னவள் பெஞ்சில் உட்காருவாள். இரண்டு தடவை பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு அடுத்த வருட ஒப்பந்தம் வராது. ஒரு முறை என் சுண்டுவிரல் எலும்பே முறிந்திருந்தது. அதைப் பிடித்து முறுக்கிக்கொண்டே கேட்டார். சிரித்துக்கொண்டே "இல்ல சார்" என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறையலாம் போலிருக்கிறது.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் இருந்தது. பயிற்சி ஆட்டத்தில் தோற்ற பக்கத்திலிருந்து கோச் சார் ஒருத்தியைப் பொறுக்குவார். அவள் ஹாலின் கோடிச் சுவரில் முதுகை ஒட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மற்ற பதினொரு பேரும் ஆறேழு தப்படி தள்ளி வரிசையில் வந்து, ஆளுக்கொரு பந்தை அவள் மேல் அடிக்க வேண்டும். மெதுவாக அடிக்கிறவள் அடுத்துப் போய் நிற்க வேண்டும். முகத்தில் அடிக்கக் கூடாது என்று பேச்சு, ஆனால் முகத்திலும் படும். "பந்துக்குப் பயம் போகத்தான்" என்பார். இதற்கு எங்களுக்குள் பெயர் செவுரு. "இன்னிக்கு யாருடி செவுரு?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொள்வோம். வெளியே யாருக்கும் சொன்னதில்லை. காயம் பெரிதாக இருந்தால் பெஞ்சு மேல் விழுந்ததாகச் சொல்வது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பதில்.

போன வருடம் எனக்கு டைபாய்டு வந்து இரண்டு வாரம் படுத்தேன். ஒரு மாதம் ஆடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காய்ச்சல் விட்ட நாலாம் நாள் பெரம்பலூரில் முகாம் தொடங்கியது. கோச் சாருக்குப் போன் செய்து சொன்னேன். "வேர்த்தா எல்லாம் சரியாப் போயிடும், கெளம்பி வா" என்றார். ஆர்டர் அவர் கையில் இருந்தது. கிளம்பிப் போனேன்.

காலில் பலமே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சி ஆட்டத்தில் கடைசி மூன்று பந்தையும் கோட்டுக்கு வெளியே அடித்தேன். கோச் சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னிக்கு கேப்டன் நிக்கட்டும்" என்றார். கேப்டன் நிற்பது அதுவரை நடந்ததில்லை. போய் நின்றேன்.

பத்துப் பந்து தொடையிலும் தோளிலும் வாங்கினேன். பதினொன்றாவதாகத் தேவிகா வந்தாள். செந்துறைக்காரி, பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். அணியிலேயே கனத்த கை அவளுடையது. அவள் வேண்டுமென்றே மெதுவாக அடித்தாள். பந்து என் முழங்காலில் பட்டு உருண்டது.

"என்னா, பூவா போடுற? நீ போய் நிக்கிறியா?" என்றார் கோச் சார்.

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. இதற்கெல்லாம் அழுதால் இவள் எப்படி ஆடுவாள் என்று நினைத்தேன்.

"அடிடி" என்றேன்.

அடித்தாள். இடது விலாவுக்குக் கீழே வந்து இறங்கியது. மூச்சு நின்றது. வாயைத் திறந்தேன், காற்று உள்ளே வரவில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்து மத்தியானம் சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்தேன். கோச் சார் கிட்டே வந்து குனிந்து பார்த்துவிட்டு, "எந்திரி, ஒண்ணுமில்ல" என்றார். எழுந்தேன். வாந்தியை நானே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

தேவிகா கோச் சாரைக் கேட்காமல் என்னை ஆட்டோவில் ஏற்றி ஒரு சின்ன கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்த வயதான டாக்டரிடம், "பெஞ்சு மேல வுழுந்துட்டாங்க சார்" என்று அவளே சொன்னாள். அவர் என் வயிற்றை அழுத்தினார். "வலிக்குதா?" என்றார். "இல்ல சார்" என்றேன். கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி அழுத்தினார். கத்தியால் கிழித்தது போல இருந்தது. "இங்க?" "இல்ல சார்." நான் பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு என் வாய்க்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். அவர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஞாயிறு காலை எழுந்தபோது வயிறு கொஞ்சம் உப்பியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் தோளின் நுனியில் அப்படி ஒரு குடைச்சல். கையைத் தூக்கினாலும் வலி, தொங்கவிட்டாலும் வலி, படுத்தால் இன்னும் வலி. அட்டாக்கருக்குத் தோள் வலிப்பது அதிசயமா? ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி ஸ்பிரே அடித்தாள், ஒருத்தி ஐஸைத் துண்டில் சுற்றிக் கட்டிவிட்டாள். அந்தக் கட்டோடு பொங்கல் தட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன். கால் இருந்த இடத்தில் கால் இல்லை. பொங்கலும் சாம்பாரும் நானும் ஒன்றாகத் தரையில் கிடந்தோம் என்று பிறகு தேவிகா சொன்னாள்.

கண் விழித்தபோது பெரம்பலூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்தேன். டியூட்டி டாக்டர் என் வயதே இருக்கும் ஒரு பெண். தேவிகா மறுபடியும் பெஞ்சுக் கதையைச் சொன்னாள். நானும், "தோள்தான் டாக்டர் வலிக்குது. வாலிபால் ஆடுறேன்ல, அதான்" என்றேன்.

"எந்தக் கையால அடிப்பீங்க?"

"வலது கை."

"அப்ப இடது தோள் ஏன் வலிக்குது?"

பதினாறு வருடம் ஆடியிருக்கிறேன், எங்கள் அணியில் மற்ற பதினொரு பேரும் அந்தத் தோளைத் தொட்டுப் பார்த்தார்கள், ஐஸ் கட்டினார்கள். இது அடிக்கிற கை இல்லையே என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. அவர் வயிற்றில் கைவைத்தார். "வலிக்குதா?" "இல்ல" என்றேன். "பொய் சொல்றீங்க. வயிறு பலகையாட்டம் இருக்கு, நாடி நூத்தி நாப்பதுல ஓடுது, நாக்கு வெளுத்துக் கெடக்கு. யாருக்கு இந்தப் பொய்?" என்று அதட்டிவிட்டு, ஸ்கேன் மிஷினைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார்.

எனக்கு அவர் பிற்பாடு விளக்கியதைச் சொல்கிறேன். மண்ணீரல் இடது விலா எலும்புகளுக்கு உள்ளே ஒரு கைப்பிடி அளவில் ஒளிந்திருக்கிறது. ரத்தத்தைச் சலித்துக் கொடுப்பது அதன் வேலை. டைபாய்டு மாதிரிக் காய்ச்சல் வந்தால் அது வீங்கி, விலாவுக்குக் கீழே தலைநீட்டும். வீங்கிய மண்ணீரலின் தோல் மெலிந்து இழுபட்டு நிற்கும். அதன் மேல் பந்து விழுந்தது. முதல் நாள் உள்ளே கிழிந்து, ரத்தம் அந்தத் தோலுக்குள்ளேயே தேங்கியது. மறுநாள் தோலும் வெடித்தது. வயிற்றுக்குள் கொட்டிய ரத்தம் மூச்சுக்கு ஏறி இறங்கும் உதரவிதானத்தை உறுத்தியது. அதன் நரம்பும் தோள்பட்டையின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால், வயிற்றில் நடக்கிற கொலைக்குத் தோள் அழுகிறது. விலாவில் அடிபட்ட பின் இடது தோள்நுனி காரணமில்லாமல் வலித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஸ்பிரே அடிக்காதீர்கள்.

அறுவை அரங்குக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது செத்துப்போவேன் என்று நினைத்தேன். மாதாவை நினைக்க முயன்றேன். ஆனால் மனதில் வந்தது ஆர்டரில் இன்னும் கையெழுத்தாகவில்லையே என்ற எண்ணம். இதற்காகக் கடவுள் என்னை மன்னிப்பாரா தெரியவில்லை.

வயிற்றைத் திறந்ததும் ரத்தம் மேஜையிலிருந்து வழிந்து தரையில் சொட்டியதாம். ஒட்டுப்போட முடியாத அளவுக்குச் சிதைந்திருந்ததால் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். எனக்கு ஏற்றிய ரத்தத்தில் ஒரு பாட்டில் ஆரோக்கியம் மாமாவுடையது. என் கூடப்பிறந்த ஜெசிந்தா அக்காவின் புருஷர். ஆலத்தியூரில் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் லாரி ஓட்டுகிறார். சட்டை மாற்றக்கூட நேரமில்லாமல் புருவமெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்து படுத்து ரத்தம் கொடுத்துவிட்டு, அங்கே கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே டியூட்டிக்குத் திரும்பிப் போனார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்கம் தெளிந்த விதம் கேவலமானது. மூக்கு வழியாக வயிற்றுக்குள் ஒரு குழாய், விலாப் பக்கம் ரத்தநீர் வடிய ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய். யாரோ என்னைச் சுவரில் கட்டிப் போட்டிருப்பதாக நினைத்துவிட்டேன். மூக்குக் குழாயைப் பிடித்து உருவினேன். தடுக்க வந்த நர்ஸின் தாடையில் வலது கையால் ஒன்று வைத்தேன். நல்ல அடி. அவர் இரண்டு எட்டு பின்னால் போய் மருந்து வண்டியில் மோதினார். நாலு பேர் சேர்ந்து என் கைகளைக் கட்டிலோடு கட்டினார்கள். மறுநாள் அதே நர்ஸ் வந்து கட்டை அவிழ்த்தார். தாடை ஒரு பக்கம் நீலம் பாரித்திருந்தது. நான் அழ ஆரம்பித்தேன். "அழுவாத, தையல் பிரிஞ்சுரும். எங்க வூட்டுக்காரருகிட்ட கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு என் வாயைப் பஞ்சால் துடைத்தார். அந்த அம்மாவிடம் நான் இன்னும் சரியாக மன்னிப்புக் கேட்கவில்லை.

வார்டுக்கு மாற்றிய பிறகு மூச்சுப் பயிற்சிக்கு ஒரு சாதனம் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் கூண்டுக்குள் மூன்று குட்டிப் பந்துகள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் பந்துகள் மேலே எழும்ப வேண்டும். நுரையீரலில் சளி கட்டாமல் இருக்க அது. என்னால் ஒரு பந்தைக்கூட எழுப்ப முடியவில்லை. உறிஞ்சும்போது தையலுக்குள் யாரோ கையை விட்டுப் பிடுங்குவது போல இருக்கும். "கேப்டனாம், ஒரு பந்து எந்திரிக்க மாட்டேங்குது" என்று அக்கா சிரிப்பாள். என்னைச் சிரிக்கவைத்து வலியில் துடிக்கவிட்டுவிட்டு, அவளே பதறித் தலையணையை எடுத்து வயிற்றில் அணைத்துப் பிடிப்பாள். பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு ஒன்பது நாள் என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக் கிடந்தாள். சிக்குப் பிடித்த என் தலையை ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்து வகிடுவகிடாகப் பிரித்தாள். கஞ்சியை ஆற்றி முதல் கரண்டியைத் தன் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள்.

மண்ணீரல் இல்லாதவர்களுக்குச் சில கிருமிகள் எமனாகும். அதற்காக மூன்று தடுப்பூசிகள் போட்டார்கள். இனி ஆயுசுக்கும் காய்ச்சல் என்றால் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். "ஆடலாமா?" என்று டியூட்டி டாக்டரிடம் கேட்டேன். "மூணு மாசம் போகட்டும், ஆடலாம். மண்ணீரல் இல்லாம ஆட முடியும்" என்றவர், போகவில்லை. கட்டில் ஓரத்தில் நின்றார். "உங்க விலாவுல வட்டமா கன்னிப்போன தடம் இருக்கு. பெஞ்சுக்கு மூலை உண்டு. பெஞ்சு வட்டமா இருக்காது. நான் விபத்துப் பதிவேட்டுல அதை எழுதியிருக்கேன். ஸ்டேஷனுக்குத் தகவல் போயிருக்கு, வருவாங்க" என்றார்.

அடிபட்டு வருகிற யாரையும் ஆஸ்பத்திரியில் அந்தப் பதிவேட்டில் எழுதுவார்கள், சந்தேகம் இருந்தால் போலீஸ் வந்து வாக்குமூலம் வாங்கும். எனக்கு அது அப்போதுதான் தெரியும். அன்று சாயங்காலமே கோச் சார் வந்துவிட்டார். ஒரு பை ஆப்பிள், ஒரு சத்துமாவு டப்பா. கோச் சார் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. உட்கார்ந்தார்.

"ஆர்டர் டைப் ஆயிருச்சும்மா. என் பையிலதான் இருக்கு. திங்கக்கெழம கையெழுத்துப் போட்டுருவேன். ஆடினாலும் ஆடாட்டியும் உனக்கு அம்பத்தெட்டு வயசு வரைக்கும் சம்பளம். போலீஸ் கேட்டா பெஞ்சுன்னு சொல்லு."

நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வேற ஏதாச்சும் சொன்னியன்னா எம் பேரு வராதும்மா. அடிச்சது நானா? தேவிகாதான் அடிச்சா. அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சுருச்சு. கேசு அவ மேலதான். அந்தப் புள்ள வாழ்க்கைய நீ கெடுப்பியா?"

ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டார். நிஜமாகவே அக்கறைப்படுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அக்கா பிளாஸ்க்கோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. குழந்தைகளைக்கூடப் பிரம்பால் தொடாத டீச்சர் அவள். உள்ளே வந்தாள். ஆப்பிள் பையைக் கையில் எடுத்தாள். அந்தப் பையாலேயே அவர் காதோரம் ஓங்கி அடித்தாள். பை கிழிந்து ஆப்பிள் வார்டெல்லாம் ஓடியது. அடுத்த கட்டில் பாட்டி ஒன்றைப் பொறுக்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். "வெளிய போடா" என்றாள் அக்கா. அவள் ஒருத்தரை "டா" போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தையல் கிழியும் வலியிலும் சந்தோஷமாக இருந்தது.

அன்று இரண்டு பேருக்கும் சண்டை. அக்காவுக்கும் மாமாவுக்கும். "இருக்கிறத இருக்கிறபடி சொல்லட்டும்" என்றாள் அவள். மாமா கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் பதினாலு வருஷமா கான்ட்ராக்ட்ல லாரி ஓட்டுறேன் ஜெசிந்தா. பர்மனன்ட்டுன்னா என்னன்னு உனக்குத் தெரியாது, நீ மொதல்லேருந்தே பர்மனன்ட்டு. வுழுந்தேன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுது. வெட்டி எடுத்தது மறுபடி வளரப் போவுதா?" அவர் சொன்னதிலும் ஒரு தப்பும் இல்லை. நான் மாமா பக்கம்தான் சாய்ந்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் தேவிகா செந்துறையிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். முகாமை விட்டு வீட்டுக்குப் போய்விட்டாளாம். கட்டிலைத் தொடாமல் தள்ளி நின்றாள். நாலைந்து நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"சாப்புடுறியா?" என்றேன்.

"எறங்க மாட்டேங்குதுக்கா."

"நீ வேணும்னு அடிக்கலடி. அவரு சொன்னாரு. நானும்தான் அடின்னேன்."

அவள் தலையை ஆட்டினாள். "மெதுவா அடிச்சிருக்கலாம்க்கா. கால்ல அடிச்சிருக்கலாம். நான் எடம் பாத்துத்தான் அடிச்சேன். நீங்கதானக்கா சொன்னீங்க. விலாவுக்குக் கீழ, எடப்பக்கமா அடி, மூச்சு நின்னு ஒரேடியா உக்காந்துருவாளுங்க, ஒரு பந்தோட முடிஞ்சிரும், ரொம்ப நேரம் அடி வாங்க வேணாம்னு."

சொன்னேன். அவள் அணிக்கு வந்த முதல் வாரமே சொன்னேன். அதை ஒரு இரக்கம் மாதிரிச் சொன்னேன். தையல் போட்ட வயிறுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை. எட்டு வருடமாக அந்த வரிசையில் என் முறைக்காக நின்றிருக்கிறேன். பந்தைத் தட்டிக்கொண்டே, எதிரே கை கட்டி நிற்கிறவளின் உடம்பில் இடம் தேடியிருக்கிறேன். கோச் சார் என்னிடம் ஒரு நாளும் "பூவா போடுற?" என்று கேட்டதில்லை. கேட்க வேண்டியிருந்ததில்லை. அன்று மத்தியானம் வரை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அக்கா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, தேவிகாவையும் உட்காரவைத்து ஊட்டிவிட்டாள்.

மூன்று மணிக்கு ஏட்டம்மா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அட்டையில் பேப்பரைச் செருகி உட்கார்ந்தார். தேவிகா ஜன்னலோரம். அக்கா என் தலைமாட்டில். கோச் சார் வார்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. தோளில் பை இருந்தது.

"பேரு ஸ்டெல்லா. பெஞ்சு மேல விழுந்ததா எழுதியிருக்கு. அப்படித்தானா?"

வாசலைப் பார்த்தேன். பையின் பட்டையை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார். ஒரு ஆட்டத்திலும் எனக்கு இப்படிப் பயம் வந்ததில்லை.

"நான் வுழல மேடம்" என்றேன்.

செவுரு என்றால் என்ன என்று ஆரம்பத்திலிருந்து சொன்னேன். காய்ச்சலோடு வரச் சொன்னதைச் சொன்னேன். யார் நிற்க வேண்டும் என்று யார் பொறுக்குவார், மெதுவாக அடித்தால் என்ன ஆகும், எல்லாம். ஏட்டம்மா முதலில் வேகமாக எழுதினார். பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு மறுபடி எழுதினார். நான் திரும்பிப் பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை. ஆர்டர் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அவரு சொன்னது சரி. அடிச்சது யாரு?" என்றார் ஏட்டம்மா.

"நான்தான்" என்றாள் தேவிகா, ஜன்னலிலிருந்து.

ஏட்டம்மா பேனாவை அவள் பக்கம் திருப்பினார்.

"அவ பேர எழுதுனா எம் பேரயும் எழுதணும் மேடம்" என்றேன். "அவ ஒரு தடவ அடிச்சா. நான் எட்டு வருஷமா அடிச்சிருக்கேன்."

"யார?"

அக்கா என் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். அந்தக் கை நின்றுவிட்டது. அவளுக்கு இது தெரியாது. அவளுக்கு நான் அடி வாங்கினவள் மட்டும்தான். அவள் முகத்தைப் பார்த்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்ததால் ஏட்டம்மாவின் பேனாவைப் பார்த்துச் சொன்னேன்.

"புனிதா. ஜெயங்கொண்டம். காதுல பட்டுச்சு, அந்தப் பக்கம் இப்ப கேக்காது. ஆட்டத்த வுட்டுட்டா. ரேவதி, மணிக்கட்டு. சுகன்யா, கண்ணு, ஒரு மாசம் எல்லாம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது அவளுக்கு. அபிராமி, முதுகுல அடிச்சேன், மூணு நாளு ஒண்ணுக்குல ரத்தமா போச்சு. நான்தான் யாருகிட்டயும் சொல்லாதன்னேன்."

"ஏம்மா" என்று ஏட்டம்மா தடுத்தார். "இது உன்னோட கேசு. உன்ன அடிச்சதுக்கு எழுதுறோம். உம்மேல நீயே எழுதிக்கிறியா?"

"எல்லாம் அவரு சொல்லித்தான் மேடம். குறி பாத்தது நான்."

அவர் பேப்பரைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. "எடமில்ல. இவ்வளவு போதும், கையெழுத்துப் போடு" என்றார்.

"இன்னும் இருக்கு மேடம்."

அடுத்த கட்டிலில் சொட்டு மருந்து முடிந்துவிட்டதென்று யாரோ நர்ஸைக் கூப்பிட்டார்கள். அக்கா என் தலைமாட்டிலிருந்து எழுந்தாள். போய்விடப் போகிறாள் என்று நினைத்தேன். போனால் அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவள் தன் கைப்பையைத் திறந்து, திருத்துவதற்குக் கொண்டுவந்திருந்த பிள்ளைகளின் நோட்டுகளுக்கு அடியிலிருந்து தன்னுடைய நோட்டை உருவி, நடுப்பக்கத்தை நிதானமாகக் கிழித்து, ஏட்டம்மாவின் அட்டை மேல் வைத்தாள்.

"எழுதிக்குங்க மேடம்" என்றாள். "அவ சொல்லி முடிக்கட்டும்."